உயரப் பாயாத நீரூற்று

மாணவர்களே! நீரூற்று என்றவுடன் உங்கள் மனக்கண்முன் என்ன தோன்றுகிறது? ஒரு பூங்கா, நடுவே வட்டமான தொட்டி, அதன் மையத்திலிருந்து வானை நோக்கிப் பீறிட்டு எழும் நீர்த்தாரை. நீரூற்று என்றாலே நீர் மேலே எழ வேண்டும் என்றுதான் நாம் எண்ணுகிறோம்.

ஆனால் உலகிலேயே மிகப் புகழ்பெற்ற நீரூற்றுகளில் ஒன்றில் அப்படிப்பட்ட தாரை கிடையாது. இத்தாலியின் தலைநகரான ரோமில் உள்ள திரேவி நீரூற்றுதான் அது. ஒரு மாளிகையின் முகப்பு முழுவதையும் தன்னுடையதாக்கிக் கொண்டு, சுமார் 26 மீட்டர் உயரமும் 49 மீட்டர் அகலமும் உடையதாக அது நிற்கிறது. சிலைகள், தூண்கள், பாறைகள், குதிரைகள் எல்லாம் உண்டு. நீர் மட்டும் உயரப் பாய்வதில்லை. சிறு தாரைகள் சில ஆங்காங்கே இருந்தாலும், பெரும்பாலான நீர் பாறைகளின் மேல் வழிந்து கீழே விழத்தான் செய்கிறது. அதைவிட விந்தை, அதன் குளம் தெருவின் மட்டத்தைவிடத் தாழ்வாக அமைந்திருப்பது. படியிறங்கித்தான் நீரருகே செல்ல வேண்டும்.

ஏன் இப்படி? இந்தக் கேள்வியை என் வகுப்பில் கேட்பதுண்டு. “அந்தக் காலத்தில் மோட்டார் பம்பு இல்லை, சார்” என்று உடனே விடை வரும். பாதி சரி. ஆனால் அதே ரோமில், அதே பம்பு இல்லாத காலத்தில், புனித பேதுரு சதுக்கத்தின் நீரூற்றுகளில் நீர் உயரமாக எழுந்தது. எனவே விடையை வேறிடத்தில் தேட வேண்டும். அதற்கு நாம் 2000 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம்.

கன்னி நீர்

கி.மு. 19ஆம் ஆண்டு. ரோமில் அகஸ்டஸ் பேரரசரின் ஆட்சி. அவருடைய நண்பரும் தளபதியுமான அக்ரிப்பா, தாம் கட்டிய பொதுக் குளியல் மண்டபத்துக்கு நீர் கொண்டுவர ஒரு கால்வாய் வெட்டினார். ‘அக்வா விர்கோ’ என்பது அதன் பெயர். ‘கன்னி நீர்’ என்பது அதன் பொருள். தாகத்தால் தவித்த படைவீரர்களுக்கு ஒரு சிறுமி ஊற்றுக்கண்களைக் காட்டினாள். வீரர்கள் அங்கே தோண்ட, நீர் பெருகிற்று. அதனால் இப்பெயர் வந்தது என்று பிரான்டினஸ் எழுதி வைத்திருக்கிறார். இவர் கி.பி. 97இல் ரோம் நகரின் நீர் வழங்கல் அதிகாரியாகப் பொறுப்பேற்றவர்.

ஊற்று இருந்த இடம் நகருக்குக் கிழக்கே சுமார் 12 கி.மீ. தொலைவில். ஆனால் கால்வாயின் நீளமோ ஏறத்தாழ 21 கி.மீ.! நேரே வராமல், நகரைச் சுற்றி வளைத்து வடக்குப் பக்கமாக உள்ளே நுழைகிறது. பெரும்பகுதி நிலத்துக்கு அடியிலேயே ஓடுகிறது.

இப்போது ஒரு முக்கியமான எண்ணைக் கவனியுங்கள். ஊற்று கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 24 மீட்டர் உயரத்தில் உள்ளது. நகரில் கால்வாய் முடியும் இடம் சுமார் 20 மீட்டர் உயரத்தில். அதாவது 21 கி.மீ. தூரத்துக்குச் சரிவு வெறும் 4 மீட்டர்தான்! கிலோமீட்டருக்குச் சுமார் 20 சென்டிமீட்டர்.

இது எவ்வளவு சிறிய சரிவு என்பதை உணர, 10 மீட்டர் நீளமுள்ள ஒரு வகுப்பறையை எண்ணிக் கொள்ளுங்கள். அதன் ஒரு முனையைவிட மறுமுனை 2 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் அதுதான் இந்தச் சரிவு. ஒரு நாணயத்தின் தடிமன் அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரிவை மலையும் மேடும் கடந்து 21 கி.மீ. தூரத்துக்குப் பிசகாமல் காத்திருக்கிறார்கள் ரோமானியர். சரிவு எங்கேனும் தலைகீழாகிவிட்டால் நீர் தேங்கிவிடும் அல்லவா? அவர்களுடைய மட்டக் கருவியை விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர் விவரித்துள்ளார். 20 அடி நீளமுள்ள மரப்பலகை, இரு முனைகளிலும் கால்கள், தொங்கும் தூக்குநூல்கள், மேற்பரப்பில் ஒரு பள்ளம். பள்ளத்தில் நீரை ஊற்றி, அது இருபுறமும் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நீர் செல்லும் வழியை நீரைக் கொண்டே அளந்தார்கள்!

ஆற்றல் எங்கே போயிற்று?

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். உராய்வே இல்லை என்று வைத்துக் கொண்டால், 4 மீட்டர் கீழிறங்கும் நீர் எவ்வளவு வேகம் பெறும்? நிலையாற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக மாறும். அப்போது,

திசைவேகத்தின் வர்க்கம் = 2 × ஈர்ப்பு முடுக்கம் × உயரம்

அதாவது 2 × 9.8 × 4 = 78.4. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 8.9. நீர் நொடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் பாய்ந்து வர வேண்டும். உண்மையில் இத்தகைய கால்வாயில் நீர் மனிதன் மெதுவாக நடக்கும் வேகத்தில்தான் ஓடும். நொடிக்கு அரை மீட்டர் என்று கொண்டால், ஊற்றிலிருந்து நகரை அடைய ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும்.

அப்படியானால் அந்த ஆற்றல் என்ன ஆயிற்று? கால்வாயின் சுவர்களோடும் தரையோடும் உராய்ந்து, நீருக்குள்ளேயே சுழல்கள் உண்டாகி, வெப்பமாக மாறிவிட்டது. 4 மீட்டர் வீழ்ச்சியால் நீரின் வெப்பநிலை எவ்வளவு உயரும் தெரியுமா? ஒரு செல்சியஸ் பாகையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. குளிக்கும் ரோமானியர் யாரும் அதை உணர்ந்திருக்க முடியாது!

ஆக, நகருக்கு வந்து சேரும் நீரிடம் வேகமும் இல்லை, உயரமும் இல்லை. திரேவியின் மர்மம் இங்கேதான் இருக்கிறது.

ஓநாயின் கண்கள்

தாழ்வாக ஓடுவது இந்தக் கால்வாயின் குறை. ஆனால் நிலத்துக்கு அடியில் ஓடியதே அதன் பலமும் ஆயிற்று. கி.பி. 537இல் கோத் இனத்தவர் ரோமை முற்றுகையிட்டு, நகருக்கு வந்த நீர்க்கால்வாய்களை எல்லாம் வெட்டிவிட்டார்கள். குளியல் மண்டபங்கள் வறண்டன. நீரால் சுழன்ற மாவு அரைக்கும் ஆலைகள் நின்றன.

அப்போது நடந்த ஒரு நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் கூறுகிறார். வறண்டு கிடந்த இந்தக் கால்வாய்க்குள் கோத் வீரர்கள் சிலர் தீப்பந்தங்களுடன் நுழைந்து, நகருக்கடியிலேயே வெகுதூரம் வந்துவிட்டார்கள். கோட்டை வாயிலருகே காவல் நின்ற ஒருவன், தரைமட்டத்திலிருந்த இடுக்கு வழியே ஒளி மின்னுவதைக் கண்டான். “ஏதோ ஓநாயின் கண்ணாக இருக்கும்” என்று தோழர்கள் அதைத் தள்ளிவிட்டனர். செய்தி தளபதி பெலிசாரியஸின் காதுக்கு எட்டியபோது அவர் அலட்சியம் செய்யவில்லை. உள்ளே ஆளனுப்பித் தேடச் செய்தார். தீப்பந்தங்களிலிருந்து சிந்திய துளிகள் கிடந்தன. கால்வாய் காவலுக்குள் வந்தது, நகரம் தப்பியது.

இடைக்காலத்தில் மற்றக் கால்வாய்களின் உயர்ந்த வளைவுகள் இடிந்து வீழ்ந்தன. மண்ணுக்கடியில் கிடந்த கன்னி நீரோ பழுதுபார்க்கப்பட்டு, குறைந்த அளவிலேனும் ஓடிக் கொண்டிருந்தது. 1453இல் போப்பாண்டவர் 5ஆம் நிக்கோலஸ் அதைச் சீர்ப்படுத்தி, அது முடியும் இடத்தில் ஓர் எளிய தொட்டி கட்டினார். 1570இல் கால்வாய் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது.

மூன்று நீர், மூன்று உயரம்

16ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ரோமுக்கு மேலும் இரு பெரிய நீர்வழிகள் வந்தன. ஒன்று 1587இல் முடிந்த ‘அக்வா பெலிச்சே’. மற்றொன்று, பிராச்சானோ ஏரிப் பகுதியிலிருந்து வரும் ‘அக்வா பாவ்லா’. இது ஜனிகுலம் என்ற மேட்டின் மேல் வந்து முடிகிறது. அதற்கான பெரிய நீரூற்று 1612இல் அங்கே எழுந்தது. அந்த மேட்டிலிருந்து பல பத்து மீட்டர் கீழே இருக்கிறது புனித பேதுரு சதுக்கம். மாடித் தொட்டியிலிருந்து கீழ்வீட்டுக் குழாய்க்கு வரும் நீரைப் போல, அங்கே நீருக்கு அழுத்தம் மிகுதி. ஆகவேதான் அங்கு தாரை உயர எழுந்தது. கன்னி நீருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இங்கே உங்களில் ஒருவர் ஒரு கேள்வி கேட்கலாம்: “ரப்பர் குழாயின் முனையை விரலால் அழுத்தினால் நீர் தூரமாகப் பாய்கிறதே! அதுபோல் துவாரத்தைச் சிறிதாக்கினால் போதாதா?” நல்ல கேள்வி. விரலால் அழுத்தும்போது குழாய்க்குள் ஓட்டம் குறைகிறது. அதனால் உராய்வால் இழக்கும் ஆற்றலும் குறைகிறது. மிச்சமாகும் அழுத்தம் முனையில் வேகமாகிறது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. இழப்பே இல்லாவிட்டாலும், மூலத்தில் உள்ள நீர்மட்டத்தைத் தாண்டித் தாரை எழ முடியாது. 1 மீட்டர் உயரத்தில் நீர்மட்டம் இருந்தால் தாரை நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் புறப்படும். அதிகம் போனால் 1 மீட்டர் ஏறும். 10 மீட்டர் ஏற வேண்டுமானால் நொடிக்கு 14 மீட்டர் வேகம் வேண்டும். அதற்கு 10 மீட்டர் உயரத்தில் தொட்டி வேண்டும். ஆற்றல் அழிவின்மை விதியை எந்தச் சிற்பியும் ஏமாற்ற முடியாது!

சுவையான செய்தி என்னவென்றால், இந்த விதிகள் பிறந்ததிலும் ரோமுக்குப் பங்கு உண்டு. பழைய ரோமானியர் ஒருவருக்கு எவ்வளவு நீர் என்பதைக் குழாயின் குறுக்குப் பரப்பைக் கொண்டே கணக்கிட்டனர். ஏடுகளில் உள்ள அளவும் தாம் அளந்த அளவும் ஒத்துப் போகாதது கண்டு, நீர் திருடப்படுகிறது என்று பிரான்டினஸ் சினங்கொண்டார். வேகமும் அளவைக் கூட்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆனால் அதை அளக்கும் முறை அவரிடம் இல்லை. 1628இல்தான், கலிலியோவின் மாணவரான காஸ்டெல்லி, ஓடும் நீரின் அளவு என்பது பரப்பு, வேகம் ஆகிய இரண்டின் பெருக்கல் என்று ரோமில் வெளியிட்ட நூலில் தெளிவாக்கினார். அவரிடம் பயின்ற டாரிசெல்லி, துவாரத்திலிருந்து வெளிவரும் நீரின் வேகம் நீர்மட்ட உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதை 1644இல் வெளியிட்டார். நாம் மேலே பயன்படுத்திய சமன்பாடு அவருடைய தேற்றந்தான்.

குறையை மறைத்த கலைஞர்கள்

உயரம் இல்லாத நீரை வைத்துக் கொண்டு என்ன செய்வது? முதல் விடை 1627 முதல் 1629 வரை கட்டப்பட்டது. பியத்ரோ பெர்னினி என்ற சிற்பி ஸ்பெயின் சதுக்கத்தில், கன்னி நீரைக் கொண்டே, பாதி மூழ்கிய படகு ஒன்றைத் தரைமட்டத்துக்குக் கீழே அமைத்தார். மூழ்கும் படகிலிருந்து நீர் வழிவது இயற்கைதானே! நீர் ஏன் உயரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அவருடைய மகன் ஜான் லொரென்சோ பெர்னினி 1651இல் நவோனா சதுக்கத்தில் ‘நான்கு நதிகள் நீரூற்’றைக் கட்டி முடித்தார். அதற்கும் கன்னி நீர்தான். நான்கு கண்டங்களின் நான்கு நதிகளாக அங்கே அமர்ந்திருப்பவை டான்யூப், நைல், பிளாட்டா, நம் கங்கை! கங்கையின் கையில் ஒரு நீண்ட துடுப்பு இருக்கிறது. இங்கும் உயர்ந்து நிற்பது நீரல்ல, நடுவிலுள்ள கல்தூண்.

திரேவியைப் பெரிதாக்கும் எண்ணமும் அப்போதே தோன்றியது. 1629இல் போப்பாண்டவர் 8ஆம் அர்பன் இதே இளைய பெர்னினியிடம் வரைபடம் கேட்டார். 1644இல் அர்பன் இறக்கவே வேலை நின்றுவிட்டது. சுமார் 90 ஆண்டுகள் கழித்து, போப்பாண்டவர் 12ஆம் கிளமென்ட் ஒரு போட்டி நடத்தி, 1732இல் நிக்கோலா சால்வி என்ற கலைஞரிடம் பணியை ஒப்படைத்தார். செலவுக்கு லாட்டரிப் பணம் உதவியது.

சால்வி செய்தது என்ன? நீருக்கு உயரம் இல்லையா, சரி, சுற்றியுள்ளவற்றை உயர்த்தினார். பின்னால் மாளிகை முகப்பு முழுவதையும் வெற்றி வளைவு போல் எழுப்பினார். நடுமாடத்தில், சிப்பித் தேரில் நிற்கும் கடல் தேவன் ஓஷியானஸ். தேரை இழுக்கும் குதிரைகளில் ஒன்று திமிறுகிறது. மற்றொன்று அமைதியாக இருக்கிறது. கொந்தளிக்கும் கடலும் அடங்கிய கடலும் அவை. மேலே ஒரு புடைப்புச் சிற்பத்தில் அக்ரிப்பா கால்வாய்ப் பணியைப் பார்வையிடுகிறார். மற்றொன்றில் அந்தச் சிறுமி ஊற்றைக் காட்டுகிறாள். பிறகு குளத்தைத் தெருவைவிடத் தாழ்த்தினார். அதனால் நீர் விழுவதற்குக் கூடுதல் உயரம் கிடைத்தது. பார்ப்பவர் கண்ணுக்கும் கட்டடம் இன்னும் ஓங்கித் தெரிந்தது.

வேலை மெல்ல நடந்தது. 1697இல் பிறந்த சால்வி 1751இல், நீரூற்று முடியும் முன்பே இறந்தார். ஜுசெப்பே பன்னீனி வேலையைத் தொடர்ந்தார். பியத்ரோ பிராச்சி ஓஷியானஸ் சிலையைச் செதுக்கினார். 1762 மே 22இல் நீரூற்று திறந்து வைக்கப்பட்டது. கட்டிய 30 ஆண்டுகளுக்கிடையே, 1738இல், டேனியல் பெர்னோலி பாய்மங்களின் இயக்கம் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். கலைஞர் கல்லில் கண்ட விடையை அறிஞர் கணக்கில் கண்டார் எனலாம்.

ஓசையும் வெண்மையும்

திரேவியில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. குறுகிய தெருக்கள் வழியே நடந்து வருபவர் நீரூற்றைக் காணுமுன் அதன் ஓசையைக் கேட்கிறார். உயரம் இல்லாத நீர் இவ்வளவு ஒலிப்பது எப்படி?

சால்வி அடிப்பகுதியில் இயற்கைப் பாறை போன்றே கரடுமுரடாகக் கற்களைச் செதுக்கச் செய்தார். வழவழப்பான பரப்பில் நீர் கண்ணாடி போல் நழுவும், ஓசை குறைவு. கரடான பாறையில் நீர் உடைந்து, காற்றை உள்ளிழுத்துக் குமிழிகளாகிறது. ஓடும் நீரின் ஓசைக்குப் பெரும் காரணம் இந்தக் குமிழிகளே. பிறக்கும்போது ஒவ்வொரு குமிழியும் சுருங்கி விரிந்து அதிர்கிறது. பெல்ஜியத்தில் பிறந்து நெதர்லாந்தில் பணியாற்றிய மின்னார்ட் என்ற அறிஞர் 1933இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 1,100 முறை அதிரும். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ளது சுமார் 3,300 முறை அதிரும். சிறு குமிழிக்குக் கீச்சுக் குரல். பெரிய குமிழிக்குக் கனத்த குரல். பல அளவுக் குமிழிகள் சேர்ந்து பாடுவதே நாம் கேட்கும் ‘சலசல’.

நிறமற்ற நீர் பாறைமேல் வெண்மையாகத் தோன்றுவதற்கும் இதே குமிழிகள்தான் காரணம். எண்ணற்ற குமிழிப் பரப்புகள் எல்லா நிற ஒளியையும் ஒரே அளவில் சிதறச் செய்கின்றன. எல்லா நிறங்களும் கலந்தால் வெண்மை அல்லவா?

அந்தக் கல்லைப் பற்றியும் ஒரு சொல். முகப்பும் பாறைகளும் பெரும்பாலும் ‘டிராவர்ட்டைன்’ என்ற கல்லால் ஆனவை. ரோமுக்கருகே திவோலிப் பகுதியில், கால்சியம் மிகுந்த ஊற்று நீர் நீண்ட காலமாகப் படிய வைத்த கால்சியம் கார்பனேட்டே இக்கல். நீர் உண்டாக்கிய கல்லின் மேல் நீர் ஓடுகிறது!

இன்று

இன்று திரேவியில் பம்புகளின் உதவியால் ஒரே நீர் மீண்டும் மீண்டும் சுழற்றிவிடப்படுகிறது. பம்பு வந்த பிறகு தாரையை எவ்வளவு உயரமும் எழுப்பலாம். ஆனால் யாரும் அப்படிச் செய்யவில்லை, செய்யவும் வேண்டாம். 4 மீட்டர் சரிவுக்காக வகுத்த அமைப்பே அதன் அழகு.

திரும்பி நின்று தோளுக்குப் பின்னால் நாணயம் எறிந்தால் மீண்டும் ரோமுக்கு வரலாம் என்பது பயணிகளின் நம்பிக்கை. நாம் அதை நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த நாணயங்களைத் திரட்டி ஏழைகளுக்கு உதவுகிறார்கள். அது நல்ல செயல். குளத்தருகே நின்று நாணயங்களை நேர்மேலிருந்து பார்த்தால், ஆழம் உண்மையான அளவில் முக்கால் பங்கே இருப்பதாகத் தோன்றும். காரணம் நீங்கள் படித்த ஒளிவிலகல்தான்.

செய்து பாருங்கள்

ஒரு புனல், 1 மீட்டர் நீள ரப்பர் குழாய், மை தீர்ந்த பேனாவின் முனைக் குழல் ஆகியவற்றை எடுத்துக் கொள்ளுங்கள். குழாயின் ஒரு முனையில் புனலையும் மறுமுனையில் குழலையும் பொருத்துங்கள். குழலை மேல்நோக்கிப் பிடித்து, புனலை அதைவிட 20, 40, 60 சென்டிமீட்டர் என உயர்த்துங்கள். புனலில் நீர்மட்டம் குறையாமல் ஒருவர் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் தாரை எவ்வளவு எழுகிறது என்று அளந்து எழுதுங்கள். பிறகு 5 மீட்டர் குழாயை வைத்து மீண்டும் செய்யுங்கள்.

தாரை ஒருமுறையேனும் புனலின் நீர்மட்டத்தை எட்டிற்றா? குழாய் நீண்டபோது என்ன ஆயிற்று? உங்கள் அட்டவணையில் குறையும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் உராய்வு வாங்கிய வரி. 21 கி.மீ. கால்வாயில் அந்த வரியைக் கட்டிவிட்டு வந்த நீரைக் கொண்டுதான் சால்வி திரேவியைக் கட்டினார்.